எக்ஸ்பாக்ஸ் ஹார்ட் டிஸ்க் மாத்தணும்: லினக்ஸ் டிஸ்க்ல பூட் பண்ணி டிடி அடிச்சா போதுமா?

ஆரப்பாளையம்_பையன் | 3 மே 2025, காலை 10:12

மொத எக்ஸ்பாக்ஸ், 2001ல வந்த அந்தக் கறுப்புப் பொட்டி. அமெரிக்காவுல இருந்து வந்தது. சாஃப்ட்மாட் (சிப் வைக்காம வெளி மென்பொருளை ஓட வைக்கிற வழி) ஏற்கெனவே போட்டிருக்கு, ஆன் பண்ணா வர்ற மெனு, அதாவது டாஷ்போர்டு, அன்லீஷ்எக்ஸ். உள்ள 10 ஜிபி சீகேட் டிஸ்க், பழைய ஐடிஇ இணைப்பு. ஆன் பண்ணா கிர்ர்னு கத்துது. 500 ஜிபி சாட்டா (ஐடிஇக்கு அப்புறம் வந்த இணைப்பு) டிஸ்க் ஒண்ணு சும்மா கெடக்கு. ஐடிஇ-சாட்டா அடாப்டர் வாங்கி, ரெண்டையும் கம்ப்யூட்டர்ல மாட்டி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற லைவ் லினக்ஸ் டிஸ்க்ல பூட் பண்ணி, டிடிங்கிற கட்டளையை அடிச்சு காப்பி எடுத்துட்டா முடிஞ்சதுதானே? வீடியோ போடுறவய்ங்க எல்லாம் ஏன் ஒரு மணி நேரம் இழுக்குறாய்ங்கன்னு புரியல.

வெளிவீதி_ரிப்பேர் | 3 மே, 11:40

முடியாது தம்பி. மூணு இடத்துல மாட்டுவீங்க.

பழைய டிஸ்க்ல பாஸ்வேர்டு பூட்டு இருக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டினா பேரு, சைஸ் எல்லாம் தெரியும், ஒரு செக்டார்கூடப் படிக்க விடாது. டிடி மொத வரியிலயே இன்புட்/அவுட்புட் எர்ரர்னு நிக்கும். சில பழைய போர்டு, ஆரம்ப மென்பொருளான பயோஸ்லயே தொங்கிடும்.

அடுத்து, எப்படியோ காப்பி எடுத்துட்டீங்கன்னே வைங்க. புது டிஸ்க்ல பூட்டு இல்லைன்னா பொட்டி ஏத்துக்காது. சாஃப்ட்மாட் பொட்டியில ஒரிஜினல் பயோஸ்தானே ஓடுது, அது பூட்டுன டிஸ்க்கைத்தான் தேடும். பிழை 05 காட்டி நின்னுரும். மாட்சிப் (பயோஸை மாத்துற தனி சிப்) போட்ட பொட்டின்னா இந்தத் தொல்லை இல்ல.

மூணாவது, 8 ஜிபிக்கு மேல இருக்குற எடம் தானா வராது. அதைத் தனியா பிரிக்கணும்.

குன்றத்து_லினக்ஸ் | 3 மே, பிற்பகல் 1:05

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

எக்ஸ்பாக்ஸ் போர்டில் 256 பைட் கொள்ளளவுள்ள ஒரு சின்ன ஈஈப்ராம் (கரண்ட் போனாலும் தகவலை மறக்காத) சிப் இருக்கிறது. அதற்குள் 16 பைட் நீளத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் சாவி. பொட்டிக்குப் பொட்டி வேறு. ஆனால் இந்தச் சாவியே பாஸ்வேர்டு இல்லை. சாவியோடு டிஸ்க்கின் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் சேர்த்து எச்மேக்-ஷா1 என்கிற மறையாக்கக் கணக்குப் போட்டு, வருகிற 20 பைட்தான் பாஸ்வேர்டு. அதனால் ஒரே பொட்டியில் இரண்டு டிஸ்க் மாட்டினால் இரண்டுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு. பழைய டிஸ்க்கின் பாஸ்வேர்டை அப்படியே புதியதற்குப் போட்டால் வேலைக்கு ஆகாது.

இதிலிருந்து வருவது: லினக்ஸ் டிஸ்க் எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். எக்ஸ்பாக்ஸுக்குள்ளேயே ஓடினால் சிப்பிலிருந்து சாவியை நேராகப் படித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் ஓடினால் சாவி அடங்கிய ஈஈப்ராம் கோப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வகைக்குச் சிம்ப் 2618, இரண்டாம் வகைக்கு எக்ஸ்பாக்ஸ்எச்டிஎம். இரண்டுமே லினக்ஸில் ஓடும் டிஸ்க் கருவிகள்தான்.

மேலூர்_பழையபொட்டி | 3 மே, 1:31

எல்லாம் இருக்கட்டும். அமெரிக்கப் பொட்டின்னு சொல்றாரு. அடியில ஸ்டிக்கர்ல எத்தனை வோல்ட்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்கப்பா.

ஆரப்பாளையம்_பையன் | 3 மே, மாலை 5:20

120 வோல்ட்னு போட்டிருக்கு. வோல்ட்டைக் குறைக்கிற ஒரு சின்ன ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர்ல ஓட்டுறேன், 100 விஏ.

மேலூர்_பழையபொட்டி | 3 மே, 5:48

பத்தாது. காப்பி எடுக்கும்போது ரெண்டு டிஸ்க் சுத்தும். கிளம்புற நொடியில 12 வோல்ட் லைன் நல்லா இழுக்கும். 300 விஏ ஸ்டெப்டவுன் வாங்குங்க, தொட்டுப் பாத்தா சூடு இல்லாம இருக்கும். பிளக் மாத்தி நேரா 230ல சொருகிட்டா பவர் சப்ளையோட பிரைமரி பக்கம் போயிரும். ஃபியூஸ் மட்டும் மாத்தினா சரியாகுற கேஸ் இல்ல அது.

பவர் கார்டையும் பாருங்க. 2003 அக்டோபர் 23க்கு முன்னாடி செஞ்ச அமெரிக்கப் பொட்டிகளோட கார்டைத் தீ அபாயம்னு 2005 பிப்ரவரியில மைக்ரோசாஃப்டே மாத்திக் கொடுத்துச்சு, 1 கோடியே 41 லட்சம் கார்டு. அந்தப் பழசு உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போட்டுருங்க.

வெளிவீதி_ரிப்பேர் | 3 மே, இரவு 9:15

சரி, சாமான் பட்டியல்.

டிரைவர்: டார்க்ஸ் (நட்சத்திர முனை) டி20, டி10 ரெண்டும். அடியில ஆறு டி20 ஸ்குரூ. நாலு ரப்பர் காலுக்குக் கீழ, ரெண்டு ஸ்டிக்கருக்குக் கீழ. ஸ்டிக்கரை விரலால தடவினாலே பள்ளம் தெரியும், முழுசா உரிக்க வேணாம். உள்ள டிஸ்க்கையும் டிவிடியையும் புடிச்சிருக்குறது டி10. ஒண்ணு ஐடிஇ கேபிளுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். அது தெரியாம நெம்பித்தான் பாதிப் பேரு தட்டை ஒடைக்கிறாய்ங்க.

கேபிள்: 80 நரம்பு ஐடிஇ கேபிள். பொட்டியோட வந்தது 40 நரம்பு. சாட்டா அடாப்டர் வச்சா அந்தப் பழசுல பிழை 07, நடுவுல தொங்குறது, பாதி லோடாகி நிக்கிறதுன்னு எல்லாம் வரும். நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை ஹார்ட் டிஸ்க்குக்கு, நடுவுல இருக்குற சாம்பல் டிவிடிக்கு. மதுரை திலகர் திடல் சண்டே மார்க்கெட்டுல பழைய கம்ப்யூட்டர் சாமான் போட்டிருக்குறவங்ககிட்ட கெடைக்கும். மடிப்பு விழுந்தது வேணாம். நெருக்கமா மெல்லிசா நரம்பு ஓடுனா 80, தடியா இருந்தா 40.

மோலக்ஸ் (பழைய நாலு முள் பவர் முனை) ஒய் பிரிப்பான் ஒண்ணு. மோலக்ஸ்-சாட்டா பவர் கேபிள் ஒண்ணு. இதுல கவனம்: சாட்டா முனை ஒரே கட்டியா வார்த்த பிளாஸ்டிக்கா இருந்தா வாங்காதீங்க. உள்ள நரம்பு ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஷார்ட்டாகித் தீப்புடிக்கிறது அந்த வகைதான். கிரிம்ப் பண்ணி, பின்னாடி மூடியைக் கழட்டுற மாதிரி இருக்கணும்.

அடாப்டர் பத்தி லினக்ஸ் அண்ணன் சொல்லட்டும்.

குன்றத்து_லினக்ஸ் | 4 மே, காலை 7:50

அடாப்டரில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஏடிஏ செக்யூரிட்டி (டிஸ்க்கைப் பூட்டும், திறக்கும்) கட்டளைகளை டிஸ்க்குக்குக் கடத்துகிறதா? காப்பியும் ஆகும், விளையாட்டும் ஓடும், பூட்டு மட்டும் ஏறாது என்ற ரகம் சந்தையில் நிறைய. ஸ்டார்டெக் நிறுவனத்தின் ஐடிஇ2சாட்2 நன்றாகப் பூட்டுகிறது என்பது எக்ஸ்பாக்ஸ் ஆட்கள் நடுவே பழகிய விஷயம். பெயரில்லாத பச்சை போர்டு வாங்கினால் கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

சோதனை: ஐடிஇ போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரில் அடாப்டரோடு டிஸ்க்கை மாட்டி, லைவ் லினக்ஸில் டிஸ்க் விவரம் காட்டும் எச்டிபார்ம் கட்டளையைப் பெரிய ஐ எழுத்தோடு ஓட்டுங்கள். கடைசியில் ‘செக்யூரிட்டி’ என்று ஒரு பகுதி வரும். அந்தப் பகுதியே இல்லையென்றால் ஒன்று அடாப்டர் மறைக்கிறது, அல்லது டிஸ்க்குக்கே அந்த வசதி இல்லை. மலிவான சில எஸ்எஸ்டிகளில் இரண்டாவதும் நடக்கும். டிஸ்க்கை நேராகச் சாட்டாவில் மாட்டிப் பார்த்தால் யார் குற்றம் என்று தெரிந்துவிடும்.

அங்கே ‘ஃப்ரோசன்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். பூட் ஆகும்போதே பயோஸ் டிஸ்க்கை உறைய வைத்துவிடுகிறது, வைரஸ் எதுவும் பாஸ்வேர்டு போட்டுவிடக்கூடாது என்று. கம்ப்யூட்டரைச் சஸ்பெண்டில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் ‘நாட் ஃப்ரோசன்’ ஆகிவிடும்.

யூஎஸ்பி கன்வெர்ட்டரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பெரும்பாலானவை செக்யூரிட்டி கட்டளையைக் கடத்தாது, சீரியல் எண்ணுக்குப் பதில் தன்னுடைய எண்ணைச் சொல்கிறவையும் உண்டு.

ஆரப்பாளையம்_பையன் | 4 மே, 11:30

கேபிள் கெடைச்சிருச்சு. அடாப்டர் டவுன்ஹால் ரோட்டுல வாங்கினேன், பேர் எதுவும் இல்ல. சரி, இப்ப சிம்ப் ஐஎஸ்ஓவை சிடியில எழுதவா டிவிடியில எழுதவா?

வெளிவீதி_ரிப்பேர் | 4 மே, பிற்பகல் 12:10

எதுலயும் எழுத வேணாம். பொட்டிக்குள்ள ஒரே ஐடிஇ கேபிள், போர்டு முனை போக அதுல ரெண்டே முனை. பழைய டிஸ்க் ஒண்ணுல, புது டிஸ்க் ஒண்ணுல இருந்தா டிவிடி எங்க மாட்டுவீங்க? சிம்ப் ஃபோல்டரை எஃப்டிபியில (நெட்வொர்க் வழியா கோப்பு அனுப்புறது) இ டிரைவ்ல ஆப்ஸுக்குள்ள ஏத்திட்டு டாஷ்போர்டுல இருந்தே ஓட்டுங்க.

எழுதித்தான் ஆகணும்னா உள்ள இருக்குற டிவிடி டிரைவைப் பாத்து எழுதணும். சாம்சங் எதையும் படிக்கும். தாம்சன் சிடி-ஆரைத் தொடவே தொடாது, டிவிடி-ஆர்தான். பிலிப்ஸும் டிவிடி-ஆர்னா பரவாயில்ல.

குன்றத்து_லினக்ஸ் | 4 மே, 12:25

வேறு எதையும் தொடும் முன்பே ஈஈப்ராம் காப்பி எடுங்கள். அன்லீஷ்எக்ஸிலேயே வழி இருக்கிறது, கான்ஃபிக் மேஜிக்கிலும் எடுக்கலாம். வெளியே எஃப்டிபியில் இழுத்து கோப்பின் அளவைப் பாருங்கள். சரியாக 256 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் குப்பை. எஃப்டிபி டெக்ஸ்ட் முறையில் இறக்கினால் அப்படி ஆகும், பைனரி முறைக்கு மாற்றுங்கள். இரண்டு தடவை எடுத்து எம்டி5 (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா பாருங்கள். பென் டிரைவில் ஒன்று, உங்கள் மெயிலுக்கே ஒன்று.

டிஸ்க் கத்துகிறது என்றீர்கள். அது செத்துவிட்டால் இந்தக் கோப்பை எடுக்க டாஷ்போர்டே இருக்காது. பிறகு போர்டில் கம்பி பற்றவைத்து ராஸ்பெர்ரி பை அல்லது ஆர்டுயினோ கொண்டு சிப்பைப் படிக்க வேண்டிவரும். முடியும்தான், ஆனால் 256 பைட்டுக்காக அவ்வளவு தூரம் போவானேன்.

மேலூர்_பழையபொட்டி | 4 மே, 1:02

கூடவே ஒண்ணு. சாஃப்ட்மாட்காரங்க சில பேரு நல் கீ போட்டு வைப்பாங்க, அதாவது ஈஈப்ராம்ல இருக்குற சாவியை எல்லாமே பூஜ்யமா மாத்திடுறது. அப்ப சாவிக் கோப்பு தொலைஞ்சாலும் கவலையில்ல, எந்தக் கம்ப்யூட்டர்லயும் புது டிஸ்க்கைப் பூட்டிக்கலாம். பூட்டு வேணும்ங்கிற விதி மாறாது, சாவி ஊரறிஞ்சதா ஆகுது அவ்வளவுதான். நல்ல ஏற்பாடு. ஆனா செய்யிற வரிசை முக்கியம். சாவியை மாத்திட்டு பழைய டிஸ்க்கைத் திரும்பப் பூட்டாம அணைச்சா பிழை 06.

வெளிவீதி_ரிப்பேர் | 4 மே, இரவு 10:05

வேலை இப்படித்தான் போகணும். அவசரப்படாதீங்க.

1. பொட்டியை அணைச்சு, கார்டை உருவிட்டு, டிவிடியைத் தட்டோட தூக்கி ஓரமா வைங்க. டிவிடிக்குப் போற ஐடிஇ முனையை மட்டும் உருவுங்க. டிவிடியோட மஞ்சள் இணைப்பைக் கழட்டாதீங்க. அது இல்லைன்னா டிவிடியே இல்லைன்னு பொட்டி முரண்டு பண்ணும்.

2. அந்தச் சாம்பல் முனையில அடாப்டர், அதுல புது டிஸ்க். அடாப்டர்ல ஜம்பர் (சின்ன சொருகி) இருந்தா ஸ்லேவ்ல, அதாவது ரெண்டாவது டிஸ்க்குக்கான எடத்துல வைங்க. பழைய டிஸ்க் அதோட எடத்துலயே மாஸ்டரா இருக்கட்டும்.

3. ஒய் பிரிப்பான்ல இருந்து ரெண்டுக்கும் பவர். அடாப்டருக்கும் தனியா பவர் வேணும், பல பேரு இதை விட்டுர்றாங்க. அடியில காகித அட்டை போட்டு வைங்க, டிஸ்க்கோட சர்க்யூட் பக்கம் தகரத்துல படக்கூடாது.

4. ஆன் பண்ணி டாஷ்போர்டு வந்ததும் சிம்ப். ரெண்டு டிஸ்க்கோட மாடல் பேரும் திரையில வரும். எது மூலம், எது புதுசுன்னு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. அப்புறம் குளோன்.

5. குளோன் முடிஞ்சு அதுலயே புது டிஸ்க்கைப் பூட்டுறதுக்குக் கேட்கும். பூட்டுங்க. பூட்டு ஏறிருச்சுன்னு எழுத்துல வந்த பிறகுதான் அணைக்கணும்.

6. கார்டை உருவுங்க. பழைய டிஸ்க்கைக் கழட்டுங்க. ஜம்பரை மாஸ்டருக்கு மாத்துங்க, கறுப்பு முனையில புது டிஸ்க், சாம்பல்ல டிவிடி. ஆன் பண்ணுங்க.

ஜம்பரை ஸ்லேவ்லயே விட்டுட்டு பிழை 08 வருதுன்னு கொண்டாற பொட்டிதான் அதிகம்.

ஆரப்பாளையம்_பையன் | 5 மே, காலை 8:40

நடுவுல கரண்டு போனா? எங்க ஏரியால போயிட்டுப் போயிட்டு வருது.

குன்றத்து_லினக்ஸ் | 5 மே, 9:30

எந்த இடத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. குளோன் ஓடும்போது போனால் பெரிய சேதம் இல்லை. பழைய டிஸ்க்கிலிருந்து படிப்பு மட்டும்தான் நடக்கிறது, எழுத்து முழுக்கப் புதியதில். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஓட்டுங்கள்.

பூட்டும் நொடி மட்டும் கத்தி மேல் நடப்பது. அதுவும் சில விநாடிதான். பாதியில் நின்றால் டிஸ்க் பூட்டிய நிலையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். அப்படி ஆனாலும் வழி உண்டு: பூட்டும் கருவிகள் பொதுவாக மாஸ்டர் பாஸ்வேர்டையும் சேர்த்தே எழுதுகின்றன. எக்ஸ்பாக்ஸ் உலகில் புழங்கும் இரண்டு, ‘டீம்அசெம்ப்ளி’, ‘எக்ஸ்பாக்ஸ்சீன்’. இரண்டுமே ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். கம்ப்யூட்டரில் எச்டிபார்ம் மூலம் மாஸ்டர் என்று குறிப்பிட்டு முயலலாம். ஐந்து தடவை தப்பினால் டிஸ்க் வாயை மூடிக்கொள்ளும். பவரை எடுத்துவிட்டுக் கொடுத்தால் மறுபடி ஐந்து.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு வேறொரு நாளில் உட்காருங்கள்.

மேலூர்_பழையபொட்டி | 5 மே, 9:52

வீட்டு இன்வெர்ட்டர்ல ஸ்டெப்டவுனை மாட்டி ஓட்டுறதா இருந்தா சைன் வேவ் இன்வெர்ட்டரான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்ல அந்த டிரான்ஸ்பார்மர் ஙொய்ய்னு கத்தும், சூடேறும்.

12ஆம் தேதி அழகர் ஆத்துல எறங்குறாரு. அன்னைக்கு ஏதாவது ஸ்குரூ தொலைஞ்சா கடை தேடி அலைய வேண்டியதுதான், அதுக்கு முன்னாடி முடிங்க.

வெளிவீதி_ரிப்பேர் | 5 மே, மாலை 6:30

இன்னொண்ணு யோசிச்சேன். டிஸ்க் கத்துதுன்னா சிம்ப் குளோன் நடுவுல கெட்ட செக்டார்ல மாட்டி நிக்கலாம். அப்ப என்ன வழி லினக்ஸ் அண்ணே? பொட்டிக்குள்ள வச்சு அடிச்சுக்கிட்டே இருந்தா டிஸ்க் செத்துரும்.

குன்றத்து_லினக்ஸ் | 5 மே, இரவு 8:45

அந்த நிலையில்தான் கம்ப்யூட்டரும் லைவ் டிஸ்க்கும் உண்மையாகவே உதவும். பழைய டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸிலேயே பூட்டு நீக்கி, ஐடிஇ உள்ள கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோங்கள். பூட்டு நீக்கிய பிறகு அது பொட்டியில் பூட் ஆகாது, பிழை 05 காட்டும், அது எதிர்பார்த்ததுதான். ஓடிக்கொண்டிருக்கும் பொட்டியிலிருந்து டேட்டா கேபிளை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகும் ஹாட் ஸ்வாப் வழி ஒன்று உண்டு. இரண்டு பொட்டிக்கும் எர்த் ஒன்றாக இல்லாத வீட்டில் அதைச் செய்யாதீர்கள். கன்சோலுக்கு இரண்டு முள் கார்டு, கம்ப்யூட்டர் பாடியைத் தொட்டால் சுர்ரென்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை!

காப்பிக்கு டிடி வேண்டாம், கெட்ட டிஸ்க்குக்கான டிடிரெஸ்க்யூ. முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள், நல்லதெல்லாம் வந்த பிறகு கெட்டதைச் சுரண்டட்டும். எதுவரை எடுத்தது என்று குறிக்கும் மேப் கோப்பைப் பென் டிரைவில் வையுங்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரும். மூலத்தையும் இலக்கையும் சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். லைவ் டிஸ்க்கில் டிஸ்க்குகளுக்கு வரும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறலாம்.

முழு டிஸ்க்கும் வேண்டாம். எக்ஸ்பாக்ஸின் ஒரிஜினல் டிஸ்க்கில் பார்ட்டிஷன் டேபிள் (பிரிப்பு அட்டவணை) என்று ஒன்று கிடையாது, இடங்கள் எல்லாம் பயோஸிலேயே எழுதி வைத்தவை. முதல் 512 கேபி அமைப்புப் பகுதி. பிறகு எக்ஸ், ஒய், இஸட் மூன்றும் தலா 750 எம்பி, தற்காலிகக் கோப்புகளுக்கு. அடுத்து 500 எம்பி சி, டாஷ்போர்டு அங்கே. கடைசியாக ஏறக்குறைய 4.8 ஜிபி இ, சேவ் கோப்புகள். மொத்தம் 1,56,33,072 செக்டார், 8 ஜிபிக்கு ஒரு மயிரிழை மேல். அதுவரை எடுத்தால் போதும். அவசரத்துக்குச் சி, இ மட்டும் கிடைத்தாலும் பொட்டி எழுந்துவிடும், எக்ஸ் ஒய் இஸட்டைப் புதிதாக ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

எழுதி முடித்த புது டிஸ்க்கைப் பூட்டுவதற்கு எக்ஸ்பாக்ஸ்எச்டிஎம். சிடி செய்யும்போதே ஈஈப்ராம் கோப்பை அதற்கான ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும்.

ஆரப்பாளையம்_பையன் | 7 மே, இரவு 11:10

சிம்ப் குளோன் ஒழுங்கா முடிஞ்சது, எந்த செக்டார்லயும் நிக்கல. பூட்டுறதுக்குக் கொடுத்தேன், ஏதோ ஓடுச்சு, மெனுவுக்கு வந்துருச்சு. மாத்தி மாட்டினா பிழை 05. ஜம்பர் மாஸ்டர், கேபிள் 80. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினா நல்லா ஓடுது.

வெளிவீதி_ரிப்பேர் | 8 மே, காலை 7:15

05ன்னா பூட்டு ஏறல. 06ன்னா பூட்டு இருக்கு, சாவி சேரல. 07 டிஸ்க் பதில் சொல்லாம தூங்குது, கேபிளையும் பவரையும் பாக்கணும். 08 டிஸ்க்கே கண்ணுல படல. 13 வந்தா டிஸ்க்ல பிரச்சினை இல்ல, சியில டாஷ்போர்டு கோப்பு சரியில்ல. உங்களுக்கு 05 வந்ததே நல்ல சேதி. மிச்சமெல்லாம் சரியா இருக்கு, அடாப்டர்தான் பூட்டுக் கட்டளையை முழுங்குது.

குன்றத்து_லினக்ஸ் | 8 மே, 8:00

எச்டிபார்ம் சோதனை செய்தீர்களா? ‘செக்யூரிட்டி’ பகுதி வருகிறதா?

ஆரப்பாளையம்_பையன் | 8 மே, மாலை 7:35

அடாப்டர் வழியா அந்தப் பகுதியே வரல. நேரா சாட்டாவுல மாட்டினா வருது. அப்ப டிஸ்க்கை நேரா சாட்டாவுல வச்சுக் கம்ப்யூட்டர்ல பூட்டிட்டு, இதே அடாப்டரோட பொட்டியில மாட்டிக்கலாமா?

குன்றத்து_லினக்ஸ் | 8 மே, இரவு 9:20

முடியாது, அடாப்டரை மாற்றுங்கள். பூட்டை ஏற்றவே விடாத அடாப்டர், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பொட்டி அனுப்பும் திறப்புக் கட்டளையை மட்டும் எப்படி விடும்? இப்போது 05 என்றால் அப்போது 06.

இன்னொரு காரணமும் உண்டு. பாஸ்வேர்டு மாடல் பெயரையும் சீரியலையும் வைத்துக் கணக்கிடுவது என்று மேலே சொன்னேன். அடாப்டர் அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னாலும் கணக்கு வேறாகிவிடும். அதனால் எந்த அடாப்டரோடு பொட்டியில் இருக்கப்போகிறதோ அதோடே பூட்ட வேண்டும். பின்னாளில் அடாப்டரை மாற்ற நேர்ந்தால் முதலில் பழைய அடாப்டரிலேயே பூட்டை நீக்கிவிட்டு மாற்றுங்கள்.

மேலூர்_பழையபொட்டி | 9 மே, காலை 10:40

அடாப்டர் வர்ற வரைக்கும் பொட்டி தெறந்துதானே கெடக்கு, கடிகாரக் கெப்பாசிட்டரைப் பாருங்க. 1 ஃபாரட், 2.5 வோல்ட் எழுதியிருக்கும். 1.0ல இருந்து 1.5 வரைக்கும் வந்த வெர்ஷன் போர்டுகள்ல அது ஒழுகி, பக்கத்துல இருக்குற செப்புத் தடத்தை அரிச்சிடும். கழட்டிட்டா மணி மட்டும் ஞாபகம் இருக்காது, வேற ஒண்ணும் ஆகாது. ஒழுகியிருந்தா ஐசோப்ரொபைல்ல தேய்ச்சுத் துடைங்க. 1.6 போர்டுல இருக்குறது வேற வகை, அதை விட்டுருங்க.

வெளிவீதி_ரிப்பேர் | 9 மே, 11:05

தூசியையும் தட்டுங்க. இப்ப அக்னி நட்சத்திரம் வேற. பழைய 10 ஜிபி அதிகமா சூடு தள்ளாது. நீங்க போடுறது நிமிஷத்துக்கு 7200 சுத்து டிஸ்க்னா பின்னாடி ஃபேன் ஒழுங்கா சுத்தணும். 5400 சுத்து இருந்தா அதைப் போடுங்க. வேகத்துல வித்தியாசம் தெரியாது, ஒரிஜினல் பயோஸ் நொடிக்கு 33 எம்பிக்கு மேல போகாது.

ஆரப்பாளையம்_பையன் | 17 மே, மாலை 4:25

வேற அடாப்டர் வந்துச்சு. செக்யூரிட்டி பகுதி தெரிஞ்சது, பூட்டு ஏறிச்சு, பொட்டி புது டிஸ்க்ல எழுந்துருச்சு. இப்ப மிச்ச எடத்தை எஃப் டிரைவா பண்ணணும். அன்லீஷ்எக்ஸ்லயே ஃபார்மட்னு ஒரு மெனு இருக்கே, அதைத் தட்டவா?

குன்றத்து_லினக்ஸ் | 17 மே, 4:40

தட்டாதீர்கள்! எக்ஸ்பிபார்ட்டிஷனர் 1.3 என்ற பிரிக்கும் கருவியை எடுத்து இ டிரைவில் போட்டு அதிலிருந்து செய்யுங்கள்.

காரணம் க்ளஸ்டர் அளவு, அதாவது கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் துண்டின் அளவு. எக்ஸ்பாக்ஸின் ஃபேட்எக்ஸ் கோப்பு முறையில் ஒரு பார்ட்டிஷனுக்கு 1,67,77,216 க்ளஸ்டர்தான் பாதுகாப்பான உச்சம். 16 கேபி க்ளஸ்டர் என்றால் 256 ஜிபி வரை, 32 கேபி என்றால் 512, 64 கேபி என்றால் 1 டிபி. பழைய டாஷ்போர்டு ஃபார்மட் கருவிகள் அளவைப் பார்க்காமல் 16 கேபி போட்டுவிடும். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே ஓடும். 256 ஜிபியைத் தாண்டும் நாளில் புது கோப்பு பழைய கோப்பின் மேல் எழுதும், ஒவ்வொன்றாகக் கெடும். என்ன ஆனது என்றே பிடிபடாது.

500 ஜிபி டிஸ்க் எக்ஸ்பாக்ஸ் கணக்கில் 465. முதல் பகுதி போக ஏறக்குறைய 458 மிச்சம். முழுவதையும் எஃப்புக்குக் கொடுத்தால் 32 கேபி. எஃப், ஜி என்று சரிபாதி பிரித்தால் தலா 229, 16 கேபியே போதும். சின்னக் கோப்பு நிறைய வைப்பவருக்குப் பிரிப்பது மேல், பெரிய விளையாட்டுகள் மட்டும் என்றால் ஒரே எஃப் வசதி. 2 டிபி வாங்குபவர்கள் பிரித்தே ஆக வேண்டும், ஒரே பார்ட்டிஷனாக அடங்காது.

137 ஜிபிக்கு மேல் பார்க்க எல்பிஏ48 (பெரிய டிஸ்க்குகளின் செக்டார்களை எண்ணும் முறை) ஆதரவு வேண்டும். இப்போதுள்ள சாஃப்ட்மாட்களில் அது சேர்ந்தே வருகிறது. ரொம்பப் பழைய சாஃப்ட்மாட் என்றால் எஃப் பிரிக்கும் முன் அதைப் புதுப்பியுங்கள்.

வெளிவீதி_ரிப்பேர் | 17 மே, 5:10

எக்ஸ்பிபார்ட்டிஷனர் அந்தப் பிரிப்பு அட்டவணையை டிஸ்க்கோட மொத செக்டார்ல எழுதி வைக்கும். அதனால பின்னாடி எப்பவாவது இந்த டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டி, ‘இனிஷியலைஸ் பண்ணவா’ன்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க. ஆமான்னு அமுக்கினா அந்த மொத செக்டார் போச்சு, எஃப், ஜி ரெண்டும் காணாமப் போகும்.

கோப்புப் பேரு 42 எழுத்துக்குள்ள இருக்கணும், ஒரு கோப்பு 4 ஜிபிக்குள்ள. எஃப்டிபியில ஏத்தும்போது நடுவுல நின்னா மொதல்ல இதைப் பாருங்க.

சிம்மக்கல்_பிளேயர் | 18 மே, காலை 9:05

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பொட்டியில சாஃப்ட்மாடே இல்ல. சாஃப்ட்மாட் போட உதவுற மெக்அசால்ட் விளையாட்டு டிஸ்க் தேடிக் கெடைக்கல. பிஎஸ்3யும் இருக்கு, அதுக்கும் இதே முறைதானா?

மேலூர்_பழையபொட்டி | 18 மே, 9:50

மெக்அசால்ட், ஸ்ப்ளின்டர் செல், 007 ஏஜென்ட் அண்டர் ஃபயர் எல்லாம் இப்ப கட்டாயம் இல்லைங்க. 2024ல எண்ட்கேம்னு ஒரு வழி வந்துச்சு, விளையாட்டு டிஸ்க்கே வேணாம். கோப்புகளை மெமரி கார்டுல ஏத்தி, ஒரிஜினல் டாஷ்போர்டுல மெமரி பக்கம் போனா போதும். உள்ள போனதும் மொத வேலை ஈஈப்ராம் காப்பி.

குன்றத்து_லினக்ஸ் | 18 மே, 10:20

பிஎஸ்3 இதைவிடச் சுலபம். அதில் டிஸ்க்குக்குப் பூட்டு இல்லை. உள்ளிருக்கும் தகவல் அந்தப் பொட்டியின் சாவியால் மறையாக்கப்பட்டிருக்கும். சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க், தடிமன் 9.5 மிமீக்குள். லினக்ஸில் செக்டார் செக்டாராகக் காப்பி எடுத்தால் அதே பொட்டியில் ஓடும், ஆனால் கூடுதல் இடம் வராது, பழைய அளவே நிற்கும். அதனால் பிஎஸ்3யின் சொந்த பேக்கப் வசதியில் ஃபேட்32 யூஎஸ்பி டிஸ்க்குக்கு எடுத்து, புது டிஸ்க்கை மாட்டி, மென்பொருள் ஏற்றி, திரும்பப் போடுவதே சரி. லினக்ஸ் அங்கே டிஸ்க் சாகும் நிலையில் டிடிரெஸ்க்யூவுக்கு மட்டும்.

ஆரப்பாளையம்_பையன் | 18 மே, இரவு 8:15

ஒரே எஃப்பா 32 கேபியில பிரிச்சாச்சு, எஃப்டிபி ஓடிக்கிட்டிருக்கு. பழைய 10 ஜிபியைப் பூட்டு எடுத்துட்டு வேற எதுக்காவது வச்சுக்கவா?

வெளிவீதி_ரிப்பேர் | 18 மே, 8:40

10 ஜிபியை வச்சு என்ன பண்ணப் போறீங்க? பூட்டோட அப்படியே ஒரு கவர்ல போட்டு, மேல பொட்டியோட சீரியல் எண்ணை எழுதி வைங்க. புதுசு மக்கர் பண்ணா அதை மாட்டின ஒடனே டாஷ்போர்டு வரும், அங்க இருந்தே மறுபடி சிம்ப் ஓட்டலாம். பூட்டை எடுத்துட்டா அந்த வழி போயிரும்.

மேலூர்_பழையபொட்டி | 18 மே, 8:52

கவர்ல போடுறதுக்கு முன்னாடி அந்த ஈஈப்ராம் கோப்பு 256 பைட்தானான்னு இன்னொரு தடவை பாத்துருங்க.